காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றலாமா? பழைய ஆயிலை எங்கே கொட்டுவது?

காலை ஒன்பதரைக்கு காரை சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஆபீஸ் போய், முதல் மீட்டிங்கில் உட்கார்ந்ததும் அந்த போன் வரும். "சார், இன்ஜின் ஃப்ளஷ் பண்ணிடலாமா? த்ராட்டில் பாடி கிளீனிங் டியூ இருக்கு. ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட்டும் சேர்த்துப் போட்டுடலாமா?" எதிர்முனையில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்றே பாதி பேருக்குப் புரிவதில்லை. "எது தேவையோ பண்ணிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் பில்லில் ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் கீழே இன்னும் பத்து வரிகள் வரிசையாக நிற்கும்.

இந்த எரிச்சலில்தான் பலர் யூடியூபில் காருக்கு ஆயில் மாற்றும் வீடியோவைத் தேட ஆரம்பிக்கிறார்கள். பத்து நிமிட வீடியோ. அடியில் இருக்கும் ஒரு போல்ட்டைக் கழற்று, பழைய ஆயிலை வடிய விடு, ஃபில்டரை மாற்று, போல்ட்டை மூடு, புது ஆயிலை ஊற்று. அவ்ளோதான். பிரஷர் குக்கருக்கு கேஸ்கட் மாற்றுவதைவிடக் கொஞ்சம்தான் கஷ்டம் போலத் தெரியும்.

வேலை உண்மையிலேயே அவ்வளவுதான். ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்க வீட்டு கராஜ்களில் எடுக்கப்பட்டவை. அங்கே சொந்தமாக ஒரு சிமென்ட் தரை இருக்கிறது, காரை ஏற்றி நிறுத்தும் ராம்ப் இருக்கிறது, வடித்த ஆயிலைக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்ளும் உதிரிபாகக் கடை தெருமுனையில் இருக்கிறது. வேளச்சேரியிலோ பீளமேட்டிலோ ஒரு அபார்ட்மெண்ட்டின் மூன்றாம் மாடியில் குடியிருப்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

எவ்வளவு மிச்சமாகும்?

முதலில் காசு. ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு ஃபில்டரோடு சேர்த்து மாற்றும்போது சுமார் 3 முதல் 3.5 லிட்டர் ஆயில் பிடிக்கும். டீசல் என்றால் இன்னும் கூடும். ஆயிலும் ஃபில்டரும் எங்கே மாற்றினாலும் வாங்கித்தான் ஆகவேண்டும். மிச்சமாவது கூலியும், மேலே சொன்ன அந்தப் பத்து வரிகளும்தான். எதிர்ப்பக்கம், ஸ்பேனர் செட், ஃபில்டர் கழற்றும் ரெஞ்ச், வடிக்கிற பேசின், புனல், கையுறை, நல்ல ஜாக்கி ஸ்டாண்ட் எல்லாம் வாங்கினால் சில ஆயிரம் ஓடிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு கார் என்றால் அந்தக் காசு திரும்பி வரவே சில வருஷம் ஆகும். புதுக் காராக இருந்து, இலவச சர்வீஸ்கள் பாக்கி இருந்தால் கூலி எப்படியும் கிடையாது.

ஆக, காசுக்காக இறங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இதில் கிடைக்கிற லாபம் வேறு. இன்ஜினுக்குள் என்ன போகிறது என்பது தெரியும். கேனின் சீல் கண்ணெதிரே உடையும். மூன்று லிட்டருக்கு பில் போட்டுவிட்டு இரண்டே முக்கால் ஊற்றினார்களா என்ற சந்தேகம் இருக்காது. அடுத்த முறை அந்த போன் வரும்போது "ஃப்ளஷ் எதுக்கு? மேனுவல்ல இல்லையே" என்று கேட்கத் தைரியம் வரும். அந்த ஒரு கேள்வியின் மதிப்பு ஸ்பேனர் செட்டைவிட அதிகம்.

'நம்ம வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் சார் சரி'

கடைக்குப் போனதும் முதல் குழப்பம் கேன் மேல் இருக்கும் எண்தான். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று வரிசையாக இருக்கும். இதில் டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். முதல் எண், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கான அடையாளம். குறைவாக இருந்தால் எளிதாக ஓடும். இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது.

நம்மூரில் இன்னும் ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே அடிக்கிற வெயிலுக்குத் தண்ணி மாதிரி ஆயில் சரிப்படாது, கெட்டியாகத்தான் போட வேண்டும் என்பார்கள். அம்பாசடர், பத்மினி காலத்தில் வேலை கற்றுக்கொண்ட கைகளின் அனுபவம் அது. அந்த இன்ஜின்களுக்கு அது பொருந்தியும் இருந்தது. இப்போது பொருந்தாது. வெளியே 40 டிகிரி அடித்தாலும் 10 டிகிரியாக இருந்தாலும், ஓடும் இன்ஜினின் கூலன்ட் சூட்டை தெர்மோஸ்டாட் 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். கத்திரி வெயில் சாலையில் நிற்பவருக்குத் தெரியும் அளவுக்கு இன்ஜினுக்குள் ஓடும் ஆயிலுக்குத் தெரியாது. இன்னொன்று, இன்றைய இன்ஜின்களில் ஆயில் ஓடும் வழிகள் குறுகலானவை. வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் பாகங்கள் பல கார்களில் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகின்றன. அதற்கென்று மெல்லிய ஆயிலை மனதில் வைத்து வடிவமைத்த இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுவது, ரசத்துக்குப் பதில் கூழை ஊற்றி ஸ்ட்ரா போட்டு உறிஞ்சச் சொல்வது மாதிரி. மைலேஜும் குறையும்.

எந்த எண் என்பதை மெக்கானிக்கிடமோ கடைக்காரரிடமோ கேட்க வேண்டியதில்லை. டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலில் அது இருக்கிறது. எண்ணோடு தரக் குறியீடும் இருக்கும். பெட்ரோலுக்கு ஏபிஐ எஸ்என், எஸ்பி என்று வரும். பிஎஸ்-6 டீசல் காராக இருந்து புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் இருந்தால், சாம்பல் குறைவாக வரும் ஆயில்தான் போட வேண்டும். அதில் தவறினால் டிபிஎஃப் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அது பல ஆயிரங்கள் விலையுள்ள பாகம்.

ஆயில் கறுத்துவிட்டால் கெட்டுப்போய்விட்டது என்பதும் பாதிதான் உண்மை. அழுக்கைத் தன்னில் கரைத்துப் பிடித்து வைத்திருப்பது ஆயிலின் வேலை. டீசல் காரில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். அது வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்.

பத்தாயிரம் கி.மீ. என்பது யாருக்கு?

இங்கே விற்கும் பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். இந்த 'எது முதலில்' என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. "நான் வொர்க் ஃப்ரம் ஹோம், வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுது, இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்று ஒரு கணக்கு. கடைக்கும் ஜிம்முக்கும் மட்டும் போகிற கார் முழுதாகச் சூடேறுவதே இல்லை. ஆயிலில் சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக வாய்ப்பில்லாமல் உள்ளேயே தங்கும். குறைவாக ஓடும் காருக்குத்தான் வருஷக் கணக்கு முக்கியம்.

ஓடோமீட்டரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. ஓஎம்ஆர் டிராஃபிக்கில் சராசரியாக மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், 10,000 கி.மீ. முடிக்க இன்ஜின் 660 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். அதே 10,000 கி.மீ.யை நெடுஞ்சாலையில் சராசரி 60 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் சுமார் 167 மணி நேரம். மீட்டர் ஒன்றுதான், உழைப்பு நாலு மடங்கு. நிறைய மேனுவல்களில் 'கடினமான பயன்பாடு' என்று தனியாக ஒரு அட்டவணை இருக்கும். நின்று நின்று போகும் டிராஃபிக், தூசு, குறுந்தூரப் பயணம் எல்லாம் அதில் வரும். சென்னையில் ஓடும் கார்களில் பாதி அந்த அட்டவணையில்தான் இருக்க வேண்டும். பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜாக்கியை நம்பி உள்ளே போகக் கூடாது

இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய இடம் ஒன்றுதான். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதில் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் படுப்பது, "ரெண்டு நிமிஷம்தானே" என்றாலும், கூடவே கூடாது. ஒரு டன் எடையுள்ள பொருள் சரிவதற்கு ஒரு நொடி போதும். சமதரை வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, மேனுவலில் காட்டிய இடத்தில் ஜாக்கி ஸ்டாண்ட் முட்டுக் கொடுத்த பிறகே தலையை உள்ளே விட வேண்டும். செங்கலும் ஹாலோ பிளாக்கும் முட்டு ஆகாது, திடீரென நொறுங்கும். பேஸ்மென்ட் பார்க்கிங்கின் சரிவான தரையில் இதைச் செய்ய நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது.

அடியில் போகாமலும் ஒரு வழி உண்டு. டிப்ஸ்டிக் போகும் குழாய் வழியாக மேலிருந்தே ஆயிலை உறிஞ்சி எடுக்கும் கைப்பம்ப் ஆன்லைனில் கிடைக்கிறது. பல கார்களில் இது வேலை செய்யும். ஃபில்டரும் மேலே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஜாக்கியே தேவையில்லை. பார்க்கிங்கில் செய்ய நினைப்பவருக்கு இதுதான் புத்திசாலித்தனம்.

மற்ற தவறுகள் பர்ஸைக் கடிப்பவை. ஆயில் போல்ட் என்று நினைத்து கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றியவர்கள் உண்டு. வடிந்து வருவது கறுப்பாக இல்லாமல் சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். நிறைய கார்களில் ஆயில் சம்ப் அலுமினியம். முழு பலத்தையும் போட்டு முறுக்கினால் மரை போய்விடும், ஒரு போல்ட்டுக்காக சம்ப்பையே மாற்ற வேண்டி வரலாம். முதல் சில சுற்று கையாலேயே போட்டு, வாஷரைப் புதிதாக மாற்றி, மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்கு மேல் போகாமல் நிறுத்த வேண்டும். ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதுசை மாட்டினால் இரண்டு வளையமும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணியதும் ஆயில் பீறிட்டு வெளியே வரும். புது வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையால் இறுக்கினாலே போதும். அதிலும் ரெஞ்ச் போட்டு இறுக்கினால் அடுத்த வருஷம் கழற்றுகிறவர் திட்டுவார்.

அதிகமாக ஊற்றுவதும் தப்பு. அளவு மீறினால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை லூப்ரிகேட் பண்ணாது. சொன்ன அளவுக்கு ஒரு கால் லிட்டர் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஓரிரு நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து ஐந்து நிமிஷம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே பத்திரம். ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

நாலு லிட்டர் கறுப்பு ஆயில்

எல்லாம் நன்றாக முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். பேசினில் மூன்று நாலு லிட்டர் கறுப்பு ஆயில் நிற்கிறது. வீடியோ இங்கே முடிந்துவிடும். நம்மூரில் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பார்க்கிங் மூலையில் இருக்கும் மழைநீர் வடிகாலில் ஊற்றிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றும். சென்னையில் அந்த வடிகால் கூவத்துக்கோ அடையாறுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ போய், கடைசியில் கடலில் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியதையும், மீனவர்களின் படகும் வலையும் கறுத்துக் கிடந்ததையும் ஊரே பார்த்தது. ஒரு காரின் நாலு லிட்டர் அதோடு ஒப்பிடும் அளவில்லைதான். ஆனால் போகும் பாதை அதே நீர்வழிதான். ஒரு ஆயில் சேஞ்சில் வரும் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்க முடியும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. போர்வெல் தண்ணீரை நம்பி இருக்கும் அபார்ட்மெண்ட்வாசிகள் இந்தக் கணக்கை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பழைய ஆயிலை நம்மூரில் யாரும் வீணாக்குவதில்லை என்பதும் உண்மை. கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்கு அடிப்பார்கள். கரையானுக்கு மரத்தில் பூசுவார்கள். கிராமத்தில் கேட்டு வாங்கிப் போவார்கள். இது கேட்க சிக்கனமாகத் தெரிந்தாலும் நல்ல தீர்வு ஆகாது. ஓடி முடித்த ஆயிலில் உலோகத் துகளும் எரிபொருள் எச்சமும் இருக்கும். தொடர்ந்து தோலில் படுவது புற்றுநோய் அபாயம் கொண்டது என்ற எச்சரிக்கை ஆயில் கேன்களிலேயே அச்சாகி வருகிறது. வீட்டில் ஒரு நாள் செய்பவர் கையுறை போட்டுக்கொள்ளலாம். வெறும் கையால் தினம் இதில் புழங்கும் பட்டறைப் பையனுக்கும் சென்ட்ரிங் தொழிலாளிக்கும் அதை வாங்கிக் கொடுப்பது யார்?

இத்தனைக்கும் இந்த ஆயில் தேய்ந்து தீர்ந்துபோன பொருளில்லை. அழுக்கானது, அவ்வளவுதான். சுத்திகரித்தால் மறுபடியும் பேஸ் ஆயிலாகும். இந்தியச் சட்டப்படி பயன்படுத்திய ஆயில், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. 2023இல் அந்த விதிகள் திருத்தப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பவர்களுக்கும் இறக்குமதி செய்பவர்களுக்கும் அதை மறுசுழற்சி செய்யவைக்கும் பொறுப்பு வந்திருக்கிறது. சேகரிப்பவர்களும் மறுசுழற்சி ஆலைகளும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு.

ஆனால் அது பீப்பாய் கணக்கில் ஆயில் சேரும் இடங்களைப் பார்த்து எழுதப்பட்ட ஏற்பாடு. கையில் ஒரு கேனோடு நிற்கும் தனி மனிதருக்கு அதில் இடம் தெரியவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாக ஆயிலும் உதிரிபாகமும் விற்கிறார்கள். புது ஆயில் விற்கிற கடையின் வாசலில், பழையதைத் திரும்ப ஊற்ற ஒரு டிரம் இருந்தால் என்ன? பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதுசில் கழித்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கம் ஊன்றிவிட்டது, ஏனென்றால் அதில் எல்லோருக்கும் காசு இருக்கிறது. ஆயிலுக்கும் லிட்டருக்கு இவ்வளவு என்று கழித்துக் கொடுத்தால் வடிகாலில் யாரும் ஊற்ற மாட்டார்கள். பெட்ரோல் பங்குகளில் இதைத் தொடங்குவது இன்னும் எளிது. ஆயில் விற்கும் நிறுவனங்கள்தான் அவற்றில் பலவற்றை நடத்துகின்றன.

அது வரும் வரை ஒரே வழி, வேலை ஆரம்பிக்கும் முன்பே பக்கத்தில் உள்ள பெரிய ஒர்க்ஷாப்பில் பேசி வைப்பது. அவர்களிடம் பழைய ஆயில் டிரம் இருக்கும். "அண்ணே, ஒரு மூணு லிட்டர் கொண்டு வந்தா ஊத்திக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அவர்களும் அதை விற்கத்தான் போகிறார்கள். யாருக்கு விற்கிறார்கள் என்பதையும் கேட்டுவைக்கலாம். இந்த இடத்தைப் பிடிக்காமல் டிரெய்ன் போல்ட்டில் கை வைக்கவே கூடாது. கூலன்டோ பெட்ரோலோ தண்ணீரோ அதில் கலக்காமல் மூடிய கேனில் கொண்டுபோவது முக்கியம். கலந்துவிட்டால் சுத்திகரிப்பது சிரமம். பழைய ஃபில்டரையும் தலைகீழாக வைத்து ஒரு இரவு வடியவிட்டு அதோடு கொடுத்துவிடலாம்.

வாரன்டி போயிடுமா?

போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிச் சந்தைக்கு விடாமல் கட்டுப்படுத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு, வழக்கு என்று போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

நியாயம் வாடிக்கையாளர் பக்கம்தான். நடைமுறை அப்படி இல்லை. வாரன்டி காலத்தில் இன்ஜினில் பெரிய பழுது வந்து, சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை இல்லாமல் இருந்தால், நியாயத்தை நிரூபிக்கும் வேலை கார் வைத்திருப்பவர் தலையில்தான் விழும். சில ஆயிரம் ரூபாய்க்காக அந்தச் சண்டையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. வாரன்டி முடியும் வரை அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலேயே மாற்றிக்கொண்டு, மேனுவலில் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் 'வேண்டாம்' சொல்லப் பழகுவதே போதும்.

வாரன்டி முடிந்த காருக்கு, சொந்த வீடும் சமதரையும் ஆயிலைக் கொடுக்க இடமும் உள்ளவர் தாராளமாக வீட்டில் செய்யலாம். மற்றவர்களுக்கு இடையில் ஒரு வழி இருக்கிறது. மேனுவலில் சொன்ன ஆயிலையும் ஃபில்டரையும் நம்பகமான கடையில் பில்லோடு வாங்கிக்கொண்டு, தெருமுனை மெக்கானிக்கிடம் போய், கூலி கொடுத்து, பக்கத்தில் நின்று பார்ப்பது. லிஃப்ட்டோ குழியோ அவரிடம் இருக்கிறது, பழைய ஆயில் டிரம்மும் இருக்கிறது. அவருக்கும் இது மரியாதையான வேலைதான். எதற்கு எந்த போல்ட் என்று கேட்டால் சந்தோஷமாகவே காட்டுவார். பில்லையும் கிலோமீட்டரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம், காரை விற்கும்போது உதவும்.

காலி கேனை மட்டும் அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. நல்ல கேனைக் காயலான் கடையில் வாங்கி, உள்ளே வேறு எதையோ நிரப்பி, புது மூடி போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். கிளம்பும் முன் மெக்கானிக்கிடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கி, கேனின் அடியில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டால் போதும்.